ஸ்பீக்கர் காயில் கருகாமல் இருக்க: சேலத்து மேடைகளில் லிமிட்டர் வைத்துப் பழகிய அனுபவம்

ஆடிப் பண்டிகை முடிந்த மறுவாரம் சேலத்தில் ரீகோன் வேலை (போன ஸ்பீக்கருக்குக் கோனும் காயிலும் மாற்றுவது) செய்கிற எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே 18 இஞ்ச் டிரைவர்கள், அதாவது பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள், அடுக்கிக் கிடக்கும். கோட்டை, குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரிலுள்ள மாரியம்மன் கோயில்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் பண்டிகை. அந்த வாரம் பாக்ஸ், ஆம்ப், மிக்சர் எதுவுமே குடோனில் இருக்காது. ராத்திரி, பகல் பார்க்காமல் ஓடும். ஓடி முடிந்து திரும்பும்போது சிலது ஊமையாகத் திரும்பும்.

மைக்செட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அப்படி வருகிற டிரைவர்களில் பெரும்பாலானவை போயிருக்க வேண்டியதே இல்லை. ரேக்கில் மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே பிராசசர் இருந்திருக்கும், அதில் வோல்ட் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிக்கிற லிமிட்டரும் ஆன் ஆகித்தான் இருந்திருக்கும். ஆனால் அது எத்தனை வோல்ட்டில் பிடிக்கிறது என்று யாரும் மீட்டர் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் நம்பர் யாரோ போனில் சொன்னதாக இருக்கும், இல்லையென்றால் வேறொரு ரேக்கிலிருந்து காப்பியடித்ததாக இருக்கும். மீட்டரில் அளந்து வைக்காத லிமிட்டரை நான் லிமிட்டராகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் போன டிரைவரைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் ரீகோன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். கோனை அறுத்து எடுத்ததும் காயிலை, அதாவது ஃபார்மர் என்ற குழாயில் சுற்றிய செம்புக் கம்பியை, கையில் வாங்கிப் பாருங்கள். சுற்று முழுக்கக் கறுத்து, பூச்சு பொரிந்து, பசை விட்டுப்போய்க் கம்பி ஃபார்மரிலிருந்து அவிழ்ந்து நின்றால் அது சூட்டில் போனது. மூக்குக்கு அருகில் கொண்டு போனால் வாசனையே சொல்லிவிடும். இன்னொரு வகை இருக்கிறது. கம்பி செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும், ஆனால் ஃபார்மரின் அடி விளிம்பு நசுங்கியிருக்கும், காயிலை நடுவில் தாங்குகிற ஸ்பைடர் கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் கோனுக்குப் போகிற லீட் ஒயர் அறுந்திருக்கும். இது சூட்டில் போனதல்ல. கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஓடி, காயில் பின் தகட்டில் போய் இடித்திருக்கிறது.

இந்த இரண்டு சாவுக்கும் மருந்து வேறு வேறு. ஓட்டத்தைப் பிடிப்பது, வோல்ட்டின் உச்சத்தைப் பார்க்கிற பீக் லிமிட்டர். சூட்டைப் பிடிப்பது, அதன் சராசரியைப் பார்க்கிற ஆர்எம்எஸ் லிமிட்டர். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு இன்னொன்றுக்கும் காவல் இருக்கிறது என்று நினைப்பதால்தான் இத்தனை டிரைவர் போகிறது.

சூட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஸ்பீக்கருக்குள் நாம் அனுப்புகிற கரண்டில் சில சதவீதம்தான் சத்தமாக வெளியே வருகிறது. மிச்சம் முழுக்கக் காயிலில் சூடாக நிற்கிறது. செம்புக் கம்பி சூடாக ஆகத் தடை ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். காயில் தொடங்கிய இடத்திலிருந்து 200 டிகிரி ஏறினால் 6 ஓம் இருந்த தடை 10.7 ஓம் பக்கம் போய்விடும். அதே வோல்ட்டுக்கு இப்போது உள்ளே போகிற பவர் குறையும், அதனால் மட்டுமே கிட்டத்தட்ட 2.5 டெசிபல் சத்தம் இறங்கும். மேடைக்கு முன்னால் நிற்கிற விழாக் கமிட்டிக்காரர் இதைத்தான் காதில் வாங்குகிறார். "தம்பி, எட்டு மணிக்கு நல்லா இருந்துச்சுங்க, இப்ப சத்தம் பத்தலையே" என்பார். அவர் சொல்வது உண்மை. நாம் ஃபேடரை ஏற்றுவோம். காயில் இன்னும் சூடாகும், இன்னும் இறங்கும், இன்னும் ஏற்றுவோம். எங்கோ ஓர் இடத்தில் பசை விட்டுவிடும். சத்தம் தானாக இறங்கினால் அது ஏற்றுவதற்கான நேரமல்ல, இறக்கிக் கொஞ்சம் ஆறவிட வேண்டிய நேரம்.

சரி, எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது? கணக்கு எளிது. டிரைவரின் வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 800 வாட்ஸ், 8 ஓம் என்றால் 6400க்கு வர்க்கமூலம் 80 வோல்ட். இங்கே 800 என்பது ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) முறையில் அளந்த வாட்ஸாக இருக்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் புரோகிராம் வாட்ஸ் அதைவிட இரண்டு மடங்கு, பீக் வாட்ஸ் நான்கு மடங்கு. அதை எடுத்துக் கணக்குப் போட்டால் ஆரம்பத்திலேயே தப்பு. 1984-இல் வந்த ஏஇஎஸ் முறையில் டிரைவருக்குப் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலைக் கொடுத்து 2 மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள், அதுவும் திறந்த காற்றில். நம்முடைய டிரைவர் மூடிய பெட்டிக்குள் விடிய விடிய ஓடுகிறது. அதனால் நான் ஆர்எம்எஸ் லிமிட்டரை ஏஇஎஸ் வாட்ஸில் பாதிக்கு, அதாவது 3 டெசிபல் கீழே வைப்பேன். 800 வாட்ஸ் டிரைவருக்கு 56 வோல்ட். இது என் பழக்கம், கம்பெனி தன் டிரைவருக்கென்று எண் கொடுத்திருந்தால் அதையே வையுங்கள். இந்த லிமிட்டர் மெதுவாக வேலை செய்ய வேண்டும். பேஸுக்கு அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) சில விநாடிகள், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) அதைவிடப் பல மடங்கு. உயர்ந்த ஹெர்ட்ஸுக்கான ஹார்ன் டிரைவரின் காயில் சின்னது, சீக்கிரம் சூடேறும், ஆகவே அதற்கு நேரம் இன்னும் குறைவு.

ஒரு ஆம்பில் இரண்டு பாக்ஸை இணையாகப் போட்டால் வோல்ட்டை இரட்டிப்பாக்க வேண்டுமா என்று புதுசாக வருகிற பசங்க கேட்பார்கள். வேண்டாம். ஆம்ப் இரண்டு மடங்கு பவர் கொடுக்கும், ஆனால் ஒவ்வொரு டிரைவரும் பார்க்கிற வோல்ட் அதேதான்.

பீக் லிமிட்டர் வேகமானது. 800 வாட்ஸ் டிரைவருக்கு 8 ஓமில் 1600 வாட்ஸ் கொடுக்கிற ஆம்ப் போட்டிருந்தால், அதன் உச்சம் 160 வோல்ட். அந்த உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பீக் லிமிட்டர் பிடிக்க வேண்டும். அட்டாக் நேரம் எந்த பேண்ட் (பேஸ், ஹார்ன் என்று பிரித்த பகுதி) என்பதைப் பொறுத்தது. பிராசசர் கம்பெனிகள் கொடுக்கிற வழக்கமான அட்டவணைப்படி ஹைபாஸ் (ஓர் அளவுக்குக் கீழான ஹெர்ட்ஸை வெட்டுவது) 31 முதல் 63 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் 16 மில்லிசெகண்ட், 63 முதல் 125 வரை 8, அதற்கு மேல் பாதி பாதியாகக் குறைந்து 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 0.3 மில்லிசெகண்ட். ரிலீஸ் பொதுவாக அட்டாக்கைப்போல் 16 மடங்கு. பேஸுக்கு 1 மில்லிசெகண்ட் அட்டாக் வைத்தால் லிமிட்டர் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகக் கடித்துச் சத்தத்தை நாசம் பண்ணிவிடும். பாதுகாப்பு என்று நினைத்து அப்படி வைக்க வேண்டாம்.

இன்னொன்று, கோன் ஓட்டத்தை லிமிட்டரால் மட்டும் காப்பாற்ற முடியாது. ஓட்டை வைத்த பேஸ் பாக்ஸில், அதன் ட்யூனிங்குக்கு (அந்த ஓட்டை வேலை செய்கிற ஹெர்ட்ஸுக்கு) கீழே போனதும் உள்ளே இருக்கிற காற்று கோனைத் தாங்காது. வோல்ட் குறைவாக இருந்தாலும் கோன் வெறுமனே ஆடும். 40 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆன பாக்ஸுக்கு 35 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 24 டெசிபல் சரிவுள்ள ஹைபாஸ் கட்டாயம். குகையில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) பார்க்கக் கூட்டம் நெருக்கி நிற்கும்போது பம்பைக்காரர் தோலை ஒட்டி மைக்கைப் பிடிப்பார். ஒவ்வொரு அடியும் சராசரிச் சத்தத்தைவிடப் பல மடங்கு உயரமாகத் துள்ளும். அங்கே காயிலுக்குச் சூட்டு ஆபத்து பெரிதாக இல்லை, அடிக்கும் அடிக்கும் நடுவே ஆறிக்கொள்கிறது. ஆபத்து ஓட்டத்தில்தான். அந்த இடத்தில் ஹைபாஸும் பீக் லிமிட்டரும் சேர்ந்துதான் டிரைவரைக் காக்கின்றன. அதே பாக்ஸில் அரை மணி நேரம் கழித்து டிஜே பாட்டு ஓடும். அது ஏற்கெனவே அமுக்கி வந்த பாட்டு, உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு. இப்போது ஆபத்து சூட்டுக்கு மாறிவிடும், காவல் ஆர்எம்எஸ் லிமிட்டரின் கையில்.

இனி நம்பர் ஏன் காப்பியடிக்கக் கூடாது என்ற விஷயம். பண்டிகை நேரத்தில் ஆம்ப் பத்தாது, பக்கத்து சவுண்ட் சர்வீஸிலிருந்து வாங்கிக்கொள்வோம். எல்லா ஆம்பும் ஒரே கெயின் (உள்ளே வருகிற வோல்ட்டை எத்தனை மடங்காக்குகிறது என்பது) கிடையாது. சிலது 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. சிலது 32 டெசிபல், 40 மடங்கு. 20 மடங்கு ஆம்பில் 80 வோல்ட் வர பிராசசரிலிருந்து 4 வோல்ட், அதாவது பிராசசர் காட்டுகிற டிபியூ என்ற அளவில் 14.2 போக வேண்டும். லிமிட்டரை அந்த 14.2-இல் வைத்துவிட்டு, ஆம்பை மட்டும் 40 மடங்குக்கு மாற்றிப் பாருங்கள். அதே 4 வோல்ட் இப்போது வெளியே 160 வோல்ட். 160 வோல்ட் 8 ஓமுக்குள் போனால் 3200 வாட்ஸ். 800 வாட்ஸ் டிரைவர் அதைத் தாங்காது. பிராசசர் திரையில் எதுவும் மாறியிருக்காது, லிமிட்டர் ஆன் என்றே காட்டும். ஆம்பின் பின்புறம் இருக்கிற கெயின் சுவிட்ச், முன்புறம் இருக்கிற வால்யூம் திருகு, பிரிட்ஜ் மோடு மூன்றுமே இந்தக் கணக்கைக் கெடுக்கும். ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜில் போட்டால் வோல்ட் இரண்டு மடங்கு ஆகிவிடும். நான் ஆம்ப் திருகு முழுவதும் திறந்த நிலையில்தான் லிமிட்டர் வைப்பேன். அப்புறம் யார் திருகினாலும் சத்தம் குறையத்தான் செய்யும், லிமிட்டரைத் தாண்டிப் போக வழியில்லை.

மீட்டர் வைக்கிற முறை இதுதான். டிரைவருக்குப் போகிற கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டு டோன் கொடுத்தால் காப்பாற்ற வந்த டிரைவரையே கொன்றுவிடுவீர்கள். போனிலோ லேப்டாப்பிலோ 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓடவிட்டு, ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் அவுட்டில் பிடியுங்கள். மிக்சரில் மெல்ல ஏற்ற ஏற்ற மீட்டரும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஃபேடரை ஏற்றினாலும் மீட்டர் நகராது. அதுதான் லிமிட்டர் பிடிக்கிற இடம். அந்த எண் நீங்கள் கணக்குப் போட்ட எண்ணாக வரும்வரை த்ரெஷோல்டை (லிமிட்டர் பிடிக்கத் தொடங்கும் அளவை) மாற்றுங்கள். ஆர்எம்எஸ் லிமிட்டர் மெதுவானது, மீட்டர் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பீக் லிமிட்டரை வைக்கும்போது ஆர்எம்எஸ்ஸை ஆஃப் செய்துவிட்டு, வைத்து முடித்ததும் மறுபடி ஆன் செய்யுங்கள். மீட்டர் காட்டுவது உச்சமல்ல என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 160 வோல்ட் உச்சத்துக்கு மீட்டரில் 113 வரும்.

சாதாரண மீட்டர்கள் உயர்ந்த ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும். அதனால் ஹார்ன் சேனலுக்கு டிரைவர் கேபிள் கழற்றிய நிலையிலேயே பேஸையும் ஹார்னையும் பிரிக்கிற கிராஸ்ஓவரைத் தற்காலிகமாக பைபாஸ் செய்து, 100 ஹெர்ட்ஸிலேயே அளந்து வைத்துவிடலாம். வைத்து முடித்ததும் கிராஸ்ஓவரைத் திரும்பப் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் கேபிளை மாட்ட வேண்டும். கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 வோல்ட்டுக்கு மேல் ஆம்ப் அவுட்டில் நிற்கிறது, உயிரை எடுக்கக்கூடியது. பிரிட்ஜ் அவுட்டில் இரண்டு முனையுமே உயிருள்ளவை, ஒன்று எர்த் என்று நினைத்துத் தொடக் கூடாது.

மிக்சரின் மாஸ்டரில் லிமிட்டர் போட்டிருக்கிறேனே, அது போதாதா என்பார்கள். போதாது. அதற்குப் பிறகுதான் பிராசசரில் ஈக்யூவும் கிராஸ்ஓவரும் வருகின்றன. அங்கே யாராவது 60 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினால் மாஸ்டர் லிமிட்டருக்கு அது தெரியாது. ஒவ்வொரு பேண்டுக்கும் கடைசியாக, ஆம்புக்கு நேர் முன்னால் இருப்பதுதான் டிரைவரைக் காக்கிற லிமிட்டர்.

ஏற்காட்டு வேலைகளில் இந்த விஷயம் வேறு மாதிரி சோதிக்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்பதால் எல்லாருமே சின்ன வண்டியில் பாக்ஸைக் குறைத்து ஏற்றிக்கொண்டு போகவே பார்ப்பார்கள். மேலே போனால் ரிசார்ட் புல்வெளி. சுவர் கிடையாது, கூரை கிடையாது, சத்தம் திரும்பி வர ஒன்றும் இல்லை. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறைந்துவிடும். ஒரு கல்யாண வரவேற்பில் பின் வரிசை மேசைக்காரர்களுக்குக் கேட்கவில்லை என்று டிஜே ஏற்றிக்கொண்டே போனார். பிராசசரில் லிமிட்டர் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் ரிடக்ஷன் விளக்கு அணையவே இல்லை, 6 டெசிபலுக்கு மேல் நின்று எரிந்தது. "அண்ணா, த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏத்திவிடுங்க" என்றார். நல்ல பையன், வேலை தெரிந்தவர்தான், ஆனால் கேட்டது தப்பு.

லிமிட்டர் எப்போதாவது கண் சிமிட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. நின்று எரிந்தால் அது பாதுகாப்பே இல்லை. பீக் லிமிட்டர் உச்சங்களை வெட்டிக்கொண்டே இருக்கும்போது நாம் கீழே இருக்கிற சராசரியை ஏற்றிக்கொண்டே போகிறோம். உச்சம் 160 வோல்ட்டைத் தாண்டாது, ஆனால் காயிலுக்குள் போகிற சூடு இரண்டு, மூன்று மடங்கு ஆகிவிடும். ஆர்எம்எஸ் லிமிட்டர் இல்லாத ரேக்கில் பீக் லிமிட்டரே காயிலைக் கருக்குகிற கருவியாக மாறிவிடுகிறது. லிமிட்டரைச் சத்தம் கூட்டப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

அன்று செய்தது இது. முன்னால் இருந்த டாப்களில் (பேஸுக்கு மேலான சத்தத்துக்குரிய பாக்ஸ்களில்) இரண்டை எடுத்துப் புல்வெளியின் நடுவில் கொண்டுபோய் வைத்தோம். மேடையிலிருந்து 17 மீட்டர். அந்தக் குளிரில் சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகும், ஆகவே மேடைச் சத்தத்தோடு சேர்ந்து ஒலிக்க அந்த இரண்டு பாக்ஸுக்கும் 50 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்). முன்னால் 4 டெசிபல் இறக்கியும் கடைசி மேசையில் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ரிடக்ஷன் விளக்கு அணைந்தது. த்ரெஷோல்டை 3 டெசிபல் ஏற்றினால் காயிலுக்கு இரண்டு மடங்கு பவர் போகும், ஆனால் காதுக்கு அது ஒரு சின்ன வித்தியாசம்தான். அந்த 3 டெசிபலுக்காகக் காயிலைப் பணயம் வைப்பதைவிடப் பாக்ஸை ஜனங்களுக்குப் பக்கத்தில் கொண்டு போவது எவ்வளவோ மேல்.

மலையில் குளிர் இருக்கிறதே, காயில் ஆறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காயில் 200 டிகிரி ஏறுகிற இடத்தில் வெளியே 12 டிகிரி குறைவது பெரிய உதவி அல்ல. போதாததற்கு, 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 14 சதவீதம் போலக் குறைவு, சூட்டை எடுத்துப்போக அதற்குத் தெம்பு கொஞ்சம் குறைச்சல்தான். அதே காரணத்தால் டீசல் ஜெனரேட்டரும் மேலே போனால் முழுப் பவர் கொடுக்காது.

ஜெனரேட்டரும் தெருக் கரண்டும் லிமிட்டரோடு சம்பந்தப்பட்டவை. பண்டிகைத் தெருவில் சீரியல் லைட், ராட்டினம், கடைகள் எல்லாம் ஒரே லைனில் தொங்கும்போது 230 வோல்ட் 185க்கு வந்து நிற்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்களில் உள்ளே இருக்கிற சப்ளையும் அதே அளவு இறங்கும், அதாவது ஏறக்குறைய 2 டெசிபல். 160 வோல்ட் போகிற ஆம்ப் இப்போது 129 வோல்ட்டிலேயே கிளிப் ஆகும், அதாவது அலையின் தலை வெட்டுப்படும். பீக் லிமிட்டரோ 155க்கு வைத்திருக்கிறது, அது முழிக்கவே முழிக்காது. அதனால் மெயின் வோல்ட் மீட்டர் ஒன்று என் ரேக்கில் எப்போதும் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் பீக் த்ரெஷோல்டையும் 2 டெசிபல் இறக்கிவிடுவேன்.

சின்ன ஆம்ப் போட்டால்தான் காயில் போகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆம்ப் சின்னதாக இருப்பது குற்றமல்ல, அதை மீறி ஓட்டுவதுதான் குற்றம். முழுக்கக் கிளிப் ஆகிச் சதுர அலையாக ஆனால், அந்த ஆம்ப் தன் மதிப்பைவிட இரண்டு மடங்கு வரை பவர் தள்ளும். கிளிப்புக்குக் கீழே லிமிட்டர் பிடித்துக்கொண்டால் சின்ன ஆம்ப் எந்த டிரைவரையும் கெடுக்காது.

ஹார்ன் டிரைவர்களை அதிகம் கொல்வது மைக் கூவுவதுதான் (ஃபீட்பேக்). 110 வாட்ஸ், 8 ஓம் டிரைவருக்கு ஏஇஎஸ் கணக்கில் 30 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. பீக் லிமிட்டர் மட்டும் வைத்து, அதை நான்கு மடங்கு பவருக்குத் திறந்து வைத்திருந்தால், கூவல் அந்த உச்சத்திலேயே அசையாமல் நிற்கும். கூவல் ஒரே சைன் அலை, அதன் சராசரி உச்சத்தைவிட 3 டெசிபல்தான் குறைவு. அதாவது டிரைவர் தாங்குவதைப்போல் இரண்டு மடங்கு சூடு தொடர்ந்து போகிறது. வரவேற்பில் மாமா ஒருவர் கார்ட்லெஸ் மைக்கோடு டாப் பாக்ஸுக்கு முன்னால் போய் நின்று வாழ்த்திப் பேசுவார். அந்தச் சில விநாடிகள் போதும். ஹார்னுக்கு ஆர்எம்எஸ் லிமிட்டர் இல்லாமல் நான் எந்த மேடைக்கும் போவதில்லை.

லிமிட்டர் காக்காத சிலவும் உண்டு. ஆம்புக்குள் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி வெளியே வந்தால் பிராசசரால் ஒன்றும் செய்ய முடியாது. ஹார்னோடு தொடரில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அதையாவது தடுக்கும். ஸ்பீகான் என்ற ஸ்பீக்கர் பிளக்கின் நான்கு முனையில் பேஸும் ஹார்னும் மாறிப்போனால், பேஸின் 56 வோல்ட் ஹார்னுக்குள் போய்விடும். பிளக்கைப் பிடுங்குகிற 'டொப்' சத்தத்துக்கு வழி விடாமல் கடைசியில் ஆம்பை ஆன் செய்து, முதலில் ஆம்பை ஆஃப் செய்ய வேண்டும். ஆம்ப் உள்ளேயே இருக்கிற பவர்டு பாக்ஸ்களில் கம்பெனியே லிமிட்டர் வைத்துத் தருகிறது, அதிலும் சிவப்பு நின்று எரிந்தால் மேலே சொன்ன அதே கதைதான்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்கு அரசு குறிப்பிட்ட நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. டிரைவரைக் காக்க வைத்த லிமிட்டர் இந்த விதியைக் காக்காது. தெருவுக்கு எவ்வளவு சத்தம் போகிறது என்பதற்குத் தனியாக டெசிபல் மீட்டர் பிடித்து, மிக்சரில் இறக்கத்தான் வேண்டும்.

வேலை முடிந்து பாக்ஸை இறக்கியதும் ஒவ்வொரு டிரைவரையும் மீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் டிரைவர் ஆறிய நிலையில் 5.5 முதல் 6.5 வரை காட்டும். போன தடவை காட்டியதிலிருந்து மாறியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கோனை இரண்டு கைவிரல்களால் சமமாக அழுத்தி விடுங்கள், உரசுகிற சத்தம் கேட்டால் ஃபார்மர் வளைந்துவிட்டது என்று அர்த்தம். ரேக் கதவின் உள்பக்கத்தில் ஆம்ப் கெயின், டிரைவரின் ஏஇஎஸ் வாட்ஸ், ஓம், பீக் வோல்ட், ஆர்எம்எஸ் வோல்ட், அளந்த தேதி எல்லாம் எழுதி ஒட்டியிருக்கட்டும். பண்டிகை நெருக்கடியில் ஆம்ப் மாற்ற வேண்டி வந்தால், இரவு வேலைக்கு வந்த பையனும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மீட்டரைக் கையில் எடுப்பான்.